நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளும் ஒரு பாட்டும்

கிறிஸ்தவ இசைப் பெருவிழாவுக்கு வருவோருக்கான நடைமுறைக் குறிப்புகள் தபாலில் வந்தபோது, யாரோ விலாசம் மாறி டெலிபோன் டைரக்டரியை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் லிஃப்ட் மெக்கானிக் நினைத்தார். அவ்வளவு கனம். உள்ளே பாட்டுப் பட்டியலும் இருந்தது. அது பஸ் டிக்கெட் அளவில் இருந்ததால் கீழே விழுந்து நாற்காலிக்கடியில் போய்விட்டது. குனிந்து எடுக்க வேண்டியிருந்தது.

பட்டியலில் ஆறு பாட்டு. கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டு குறிப்பு.

வேறொருவராக இருந்தால் கையேட்டை அலமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பாட்டைக் கேட்கப் போயிருப்பார். மெக்கானிக் அப்படிப்பட்டவர் அல்ல. முப்பத்தொரு வருஷமாகக் கையேடு படித்தே லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர். கையேட்டை மதிக்காதவன் கயிற்றையும் மதிக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் குறிப்பு: இந்தக் குறிப்புகளைப் படிக்கவும். இரண்டாவது: முதல் குறிப்பைப் படித்ததாகக் கையெழுத்திடவும். சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று மெக்கானிக் தலையாட்டினார்.

அவர் இவ்வளவு பாடுபடக் காரணம் இருந்தது. விழாவில் நாலு இருபதுக்கு இளையோர் பாடகர் குழு பாடுகிறது. அதில் அவருடைய மகள் தனிக்குரலில் ஒரு பாட்டுப் பாடுகிறாள்.

மகள் பாடி மெக்கானிக் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதல் தடவை, ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி லிஃப்ட். மூன்றாவது தடவை போகாமலேயே போனதாகச் சொல்லிப் பார்த்தார்.

"ரொம்ப அருமையா இருந்துச்சும்மா."

"எந்தப் பாட்டுப்பா?"

"அதான், அந்த மெதுவாப் போற பாட்டு."

"அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிருச்சு. நான் பாடவே இல்ல."

அன்றிலிருந்து மகள் அவரைப் பார்க்கும் பார்வையே வேறு. இந்தத் தடவை பந்தோபஸ்தாக வந்தாள்.

"பாட்டுல ஒரு இடத்துல ஒண்ணு பண்ணுவேன். பட்டியல்ல இருக்காது, யாரும் சொல்லியும் தர மாட்டாங்க. சாயங்காலம் வந்து என்ன பண்ணேன்னு கேப்பேன். சொல்லிட்டீங்கன்னா சரி. இல்லன்னா இனிமே நான் எங்க பாடுறேன்னு உங்ககிட்ட சொல்லவே மாட்டேன். நீங்களும் லீவு போட வேணாம், நானும் கூட்டத்துல கண்ணப் போட்டுத் துழாவ வேணாம்."

ஆகவே மெக்கானிக் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒன்பதாவது குறிப்பு தண்ணீர் கொண்டு வரச் சொன்னது. பத்தாவது, தண்ணீர் பாட்டிலுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றது. ஆகவே பாட்டில் நிறையக் கொண்டுபோய் வாசலிலேயே குடித்துவிடுவது என்று முடிவு செய்தார். பதினான்கு: ஈரத் தரைக்கு ஒரு ஜோடி செருப்பு, காய்ந்த தரைக்கு ஒரு ஜோடி. இருபத்திரண்டு: வெயிலுக்குத் தொப்பி. இருபத்து மூன்று: தொப்பி பின்னால் இருப்பவருக்கு மறைக்கக் கூடாது. விளிம்பைக் கத்தரியால் நறுக்கினார். அது தொப்பி என்ற நிலையைக் கடந்து கிண்ணம் மாதிரி ஆனது. முப்பத்தெட்டு: ஒலிபெருக்கி பலமாக இருக்குமாதலால் இரு காதிலும் பஞ்சு. நாற்பத்தைந்து: கைக்குட்டை இரண்டு, வியர்வைக்கு வெள்ளை, கண்ணீருக்கு நீலம், ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது.

அறுபத்தொன்றுக்குத்தான் கொஞ்சம் யோசித்தார். பரவசத்தில் தானாக எழுந்து நிற்க விரும்புவோர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, 'எழுந்து நிற்கும் உத்தேசம் தற்போது இல்லை' என்று ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டார்.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பாட்டுக் கேக்கப் போறோமா, படையெடுத்துப் போறோமா?"

"குறிப்புல இருக்குடி."

"குறிப்புல இருந்தா கிணத்துல குதிப்பீங்களா?"

"எந்தக் கிணறுன்னு போட்டிருப்பான்," என்றார் மெக்கானிக்.

விழா நாளில் இருவரும் இரண்டு மணிக்கெல்லாம் வாசலில் நின்றார்கள். மெக்கானிக் முதுகில் ஒரு மூட்டை, இரு கையிலும் இரண்டு, கக்கத்தில் மடக்கு நாற்காலி. மனைவி தோளில் ஒரு துணிப்பை. அதில் பர்ஸும் சீப்பும் இருந்தன.

வாசலில் மஞ்சள் சட்டைத் தொண்டர்கள் இருபது பேர். அவர்களுக்குள் பெரியவன் கழுத்தில் விசில் தொங்கியது. எல்லோரும் அவனை விசில் என்றே கூப்பிட்டார்கள். அவன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான்.

"தொப்பி எங்க?"

"இல்ல."

"நாற்காலி?"

"கால் இருக்கு."

"குறிப்பு படிச்சீங்களா இல்லையா? படிச்சவங்க பண்ற காரியமா இது? இப்படி வந்தா விழாவ எப்படி நடத்துறது? ஒரு பொறுப்பு வேணாம்?" என்று விசில் மூச்சு விடாமல் ஒன்றரை நிமிஷம் திட்டினான். பிறகு, "சரி சரி, உள்ள போங்க," என்றான்.

மனைவி போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசலில் நுழைவு முறை அதுதான். வருகிறவன் எதையாவது மறந்துவிட்டு வருவான், தொண்டர் திட்டுவார், திட்டு முடிந்ததும் உள்ளே விடுவார். பதினெட்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்த ஏற்பாடு.

மெக்கானிக் முன்னே வந்தார். வாசலிலேயே இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்தார். தொப்பியைக் காட்டினார். செருப்புகளைக் காட்டினார். நாற்காலியை விரித்தார். அதன் உயரம் ஒரு சாணும் நாலு விரலும் இருக்க வேண்டும் என்பது இருபத்தேழாவது குறிப்பு. யாருடைய சாண் என்று முதல் வருஷம் சண்டை வந்ததாம். அதனால் குழுத் தலைவரின் கையை வைத்து மரப்பலகையில் ஒரு கை வெட்டி, வர்ணம் அடித்து, மோதிரம்கூட வரைந்து வாசலில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். விசில் அந்தக் கையை எடுத்து அளந்தான். மயிரிழை பிசகவில்லை.

விசில் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போனான். ஐம்பதைத் தாண்டும்போது அவன் நெற்றி வியர்த்தது. எண்பதில் குரல் இறங்கிப்போனது. கடைசிக் குறிப்புக்கு வந்தான். மகிழவும் என்று இருந்தது.

"மகிழ்ச்சியா இருக்கீங்களா?" என்றான், கடைசி நம்பிக்கையாக.

"இருக்கேன்," என்றார் மெக்கானிக்.

திட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. திட்டாமல் ஒரு மனிதரை எப்படி உள்ளே விடுவது என்று விசிலுக்குத் தெரியவில்லை. குறிப்பிலும் அதற்கு வழி சொல்லவில்லை. சுற்றியிருந்த தொண்டர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"நூத்திப் பன்னண்டும் செஞ்சிருக்கார்," என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். "எதுக்கு செஞ்சிருக்கார்?"

விசில் ஊதப்பட்டது. மெக்கானிக் மூட்டை முடிச்சுகளோடு குறிப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

குறிப்பு அலுவலகம் மேடையைவிடப் பெரியது. மேடைக்குத் தகரக் கூரை; அலுவலகத்துக்கு ஏ.சி. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கோப்பு. நடுவில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையை மேஜைமேல் வைத்ததும், வாசலில் தொங்குவது இதன் நகல்தான் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. ஆனால் மரக்கைதான் கொஞ்சம் உயிரோட்டமாக இருந்தது.

"ஸ்தோத்திரம் பிரதர். உக்காருங்க. எங்கிருந்து வர்றீங்க?"

"வீட்டுல இருந்து."

தலைவர் சிரித்தார். எல்லாம் தெரிந்தவர் சிரிக்கும் சிரிப்பு. "தலைமையிடத்துல இருந்து ரகசியமா ஆய்வுக்கு ஆள் அனுப்புவாங்கன்னு கேள்விப்பட்டோம்."

"நான் ஆய்வாளர் இல்லைங்க. லிஃப்ட் மெக்கானிக். என் மக பாடுறா, கேக்க வந்தேன்."

"ஆய்வாளர் இல்லன்னு சொல்றார், எழுதிக்கோ," என்றார் தலைவர் விசிலிடம். "ஆய்வாளரா இருந்தா அப்படித்தான் சொல்லுவார். பாட்டுக் கேக்க வந்தேன்னு வேற சொல்றார். பதினெட்டு வருஷத்துல இந்த அலுவலகத்துல யாரும் அப்படிச் சொன்னதே கிடையாது."

"இல்லன்னா பக்கத்து விழாக்காரங்க அனுப்புன ஆளா இருக்கும் தலைவரே," என்றான் விசில். "அவங்க போன வருஷம் தொண்ணூத்தி நாலு குறிப்பு வெச்சிருந்தாங்க. பாதி நம்மளுது."

மெக்கானிக் குடித்த தண்ணீர் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கழிப்பறை டோக்கன் முப்பத்தோராவது குறிப்பில் வருவதால் அதற்குத் தனி மேஜை இருந்தது. அங்கே கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. போய்த் திரும்பியபோது மூன்றரை.

இதற்குள் வெளியே ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பஞ்சையும் மீறிக் கேட்டது. செயலாளர் அம்மா மேடையில் நின்று குறிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார்.

"காலையில இருந்து வாசிக்கிறாங்களா?" என்றார் மெக்கானிக்.

"பத்து மணியில இருந்து. ஒவ்வொரு குறிப்பையும் ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ மெதுவா."

"பாட்டு?"

"நடுநடுவுல உண்டு," என்றார் தலைவர். ஆய்வாளருக்குச் சாதனைகளை எடுத்துச் சொல்ல நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பிரதர், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால இந்த விழா எந்த நிலைமையில இருந்துச்சு தெரியுமா? நாப்பது பாட்டு. மூணே மூணு குறிப்பு. ஜனங்க அவங்க பாட்டுக்கு வருவாங்க, தரையில உக்காருவாங்க, கூடவே பாடுவாங்க, அழுவாங்க, சிரிப்பாங்க, வீட்டுக்குப் போவாங்க. ஒரு கட்டுப்பாடு இல்ல. நான் பொறுப்புக்கு வந்தேன். வருஷா வருஷம் பாட்டக் குறைச்சேன், குறிப்ப ஏத்துனேன். இன்னைக்கு ஆறு பாட்டு, நூத்திப் பன்னண்டு குறிப்பு. பாட்டு யாரு வேணும்னாலும் பாடிருவான் பிரதர். குறிப்பு போடத் தலை வேணும். ஆண்டவர் கிருபையில இன்னும் அஞ்சாறு வருஷத்துல பாட்டே இல்லாம விழா நடத்திக் காட்டுவோம். அதுக்கப்புறம் எந்தச் சிக்கலும் வராது."

தொண்டர்கள் கை தட்டினார்கள். முழங்கைக்கு மேலே கை போகாமல் தட்டினார்கள். அது நாற்பத்து நாலாவது குறிப்பு.

"இளையோர் குழு நாலு இருபதுக்குத்தானே?" என்றார் மெக்கானிக்.

தலைவர் விசிலைப் பார்த்தார். விசில் காகிதத்தைப் பார்த்தான்.

"அது ரத்துங்க. வாசிப்பு அஞ்சு மணி வரைக்கும் போகும். அஞ்சுக்கு மைதானத்த விடணும். ஏதாவது ஒண்ணக் குறைச்சாகணும்ல. பாட்டக் குறைச்சுட்டோம்."

கடிகாரத்தில் நாலு ஆறு.

மெக்கானிக் எத்தனையோ பேரை அடைபட்ட பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைத்தான் செய்வார்கள். இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்குவார்கள். கதவை உதைப்பார்கள். அமுக்க அமுக்கப் பெட்டி இன்னும் இறுகிக்கொள்ளும். வெளியிலிருந்து அவர் சொல்லும் முதல் வார்த்தை, 'எதையும் தொடாதீங்க, சும்மா இருங்க' என்பதுதான். இங்கே நூற்றுப் பன்னிரண்டு பொத்தானையும் அமுக்கியவர் அவரே. மூட்டைகளைப் பார்த்தார். கிண்ணத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

அவர் சும்மா இருந்தது தலைவரைக் கலக்கிவிட்டது.

"என்ன பிரதர், குறை ஏதாவது இருக்கா? இருந்தா இங்கயே சொல்லிருங்க. மேல எழுதிப் போட வேணாம்."

"புத்தகத்துல ஒரு குறிப்பு விட்டுப்போச்சு," என்றார் மெக்கானிக்.

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பாட்டு நடக்கும்போது என்ன தொப்பி போடணும்னு இருக்கு. எங்க உக்காரணும்னு இருக்கு. எந்தக் கைக்குட்டைன்னு இருக்கு. பாட்டு நடக்கும்போது பாட்ட என்ன பண்ணணும்னு எங்கயும் இல்ல. மூணு தடவ படிச்சுட்டேன்."

தலைவர் கையேட்டைப் புரட்டினார். பிறகு வேறொரு பிரதியைப் புரட்டினார், இதில் அச்சுப் பிழையாக இருக்கலாம் என்பது போல. அவர் முகம் வெளுத்தது.

"என்ன பண்ணணும் பிரதர்?"

"கேக்கணும்னு நெனக்கிறேன்."

"காதாலயா?" என்றான் விசில்.

"காதுல பஞ்சு இருக்கே தலைவரே," என்றார் பின்னாலிருந்து ஒரு தொண்டர். "முப்பத்தெட்டோட முட்டும்."

"தலைமையிடத்துக்குத் தெரிஞ்சா மானம் போச்சு," என்றார் தலைவர். "எல்லாரையும் கூப்பிடு. அவசரக் கூட்டம். ஒருத்தர் விடாம."

விசில் ஊதப்பட்டது. வாசலில் நின்ற தொண்டர்கள் வந்தார்கள். டோக்கன் மேஜைக்காரர் வந்தார். நீலக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். காணாமல் போனவர்கள் வந்து சேர வேண்டிய கொடி அது; எல்லோருக்கும் சம வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்று மணிக்கொரு தரம் அதை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அதன் பின்னாலேயே, காலையிலிருந்து அதைத் தேடி அலைந்த ஏழு பேரும் வந்தார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் "குறிப்பு எண்பத்தேழு" என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்று, செயலாளர் அம்மாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

விவாதம் சூடு பிடித்தது. கேட்பதை அனுமதித்தால் எவ்வளவு நேரம் அனுமதிப்பது? உட்கார்ந்து கேட்பதா, நின்றா? கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது? செயலாளர் அம்மா, கேட்பவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கிக் கயிறு கட்டலாம் என்றார்.

"முதல்ல இது நடைமுறைக்கு வருமான்னு தெரியணும்," என்றார் தலைவர். "நடைமுறைக் குறிப்புன்னுதானே பேரு."

"அப்ப நான் போய் ஒரு தடவ செஞ்சு பாத்துட்டு வர்றேன்," என்றார் மெக்கானிக்.

நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். விசில் நோட்டுப் புத்தகத்தோடு கூடவே அனுப்பப்பட்டான். ஆய்வாளரையே ஆய்வு செய்ய ஒரு ஆள் வேண்டும் அல்லவா.

வெளியே மேடையில் மைக் தனியாக நின்றது. கீபோர்டுக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். தடுக்க ஒரு மஞ்சள் சட்டைகூடக் கண்ணில் படவில்லை. இது ஏதோ சோதனை என்றுதான் அவரும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். யாரும் திட்டவில்லை. இரண்டு கையையும் வைத்தார். பாடகர் குழு அடிமேல் அடி வைத்து மேடையேறியது. மகள் முன்னால் வந்து நின்றாள்.

மெக்கானிக் கடைசி வரிசையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதுப் பஞ்சையும் பிடுங்கி எறிந்தார்.

விசில் எழுதினான்: நாலு இருபத்திரண்டு, குறிப்பு முப்பத்தெட்டு மீறல்.

மகள் பாடினாள். அவள் வீட்டில் குளியலறையில் முணுமுணுத்து மெக்கானிக் கேட்டிருக்கிறார். அந்தக் குரல் இது இல்லை. அடித்தளத்தில் மெதுவாகப் புறப்பட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல், மாடி மாடியாக ஏறியது. நல்ல மோட்டார், நல்ல கயிறு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த உச்ச பட்சப் பாராட்டு அதுதான். எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது. விசில் எழுதினான்: அறுபத்தொன்று மீறல், எழுந்து நிற்கும் உத்தேசம் இல்லை என்று எழுத்தில் தெரிவித்திருந்தும்.

மூன்றாம் சரணம் முடிந்து கடைசி வரிக்கு முன்னால் பாட்டு நின்றது. கீபோர்டும் திகைத்து நின்றது. மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்கு, ஸ்குரூடிரைவர் இருக்கும் இடத்துக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார். மேடையில் மகளின் தலை இடமிருந்து வலமாக ஒருமுறை திரும்பி, ஓரிடத்தில் நின்றது. பிறகு கடைசி வரி வந்தது.

மெக்கானிக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெள்ளைக் கைக்குட்டை.

விசில் பேனாவைத் தூக்கினான். பிறகு தன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, கடமையைச் செய்தான்: நாற்பத்தைந்து மீறல்.

அறிக்கை அலுவலகத்துக்குப் போனதும் தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை மெதுவாக. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"மூணு நிமிஷத்துல மூணு மீறலா? அட, அப்ப இவர் ஆய்வாளரே இல்ல. சாதாரண ஆளு." நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார். பிறகு மெக்கானிக்கை வரவழைத்து, இரண்டு மணிக்கு வாசலில் கொடுக்காமல் விட்டுப்போன திட்டையும் சேர்த்து, ஏழு நிமிஷம் திட்டினார். கடைசியில், "சரி சரி, உள்ள போங்க," என்றார். உள்ளே போவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

வாசலில் மனைவி காத்திருந்தாள். "வந்ததும் ஒரு திட்டு வாங்கியிருந்தா வேல முடிஞ்சிருக்கும். எதையும் ஒழுங்கா செஞ்சா சந்தேகப்படத்தான் செய்வாங்க. இது தெரிய வேணாமா?"

மகள் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, போலீஸ் மாதிரி அவர் முன்னால் நின்றாள்.

"சொல்லுங்க. என்ன பண்ணேன்?"

"கடைசி வரிக்கு முன்னால நிறுத்துன. நாலு எண்ணுற நேரம்."

மகள் புருவத்தை உயர்த்தினாள்.

"தப்பா?"

"நான் பண்ணலாம்னு இருந்தது வேற. கடைசி வரிய ரெண்டு தடவ பாடலாம்னு நெனச்சேன். மறந்தே போச்சு."

"அப்ப எதுக்கும்மா நிறுத்துன?"

"நீங்க வந்திருக்கீங்களான்னு தேடுனேன்ப்பா. அந்தக் கேவலமான தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு நின்னீங்க."

மூட்டைகளில் ஒன்றை அவள் வாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் நடந்தார்கள். பத்தடி பின்னால் விசில் இன்னும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தது யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த வருஷம் கையேடு தபாலில் வராமல் பார்சலில் வந்தது. பாட்டு ஐந்து. குறிப்பு நூற்றுப் பதினான்கு. மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

குறிப்பு நூற்றுப் பதின்மூன்று: பாட்டு நடக்கும்போது, விருப்பமுள்ளவர்கள் கயிற்றுக்குள் நின்று கேட்கலாம். படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

குறிப்பு நூற்றுப் பதினான்கு: பாடுகிறவர்கள் பாட்டின் நடுவில் தகப்பனாரைத் தேடக் கூடாது. தேட வேண்டிய அவசியம் ஏற்பட்டால் நீலக் கொடியின் கீழ் தேடவும்.